5400-ஆ, 7200-ஆ: ஒரு சிவில் மாணவியின் லேப்டாப்பும் நான் அவசரமாகச் சொன்ன பதிலும்

2019 ஜூன் கடைசி. திருநெல்வேலி டவுனில் ஆனித் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. பாளையங்கோட்டையில் இருக்கும் என் சர்வீஸ் கடைக்கு அண்ணாச்சி ஒருவர் மகளோடு வந்தார். அவருக்குத் தையல்கடை. மகள் சிவில் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டுக்குப் போகிறாள், கணினியில் வரைபடம் போடும் கேட் லேப் வரப்போகிறது. மெட்ரிக் பள்ளியில் படித்தவள் என்பதால் அரசு லேப்டாப் கிடைக்கவில்லை. சொந்தமாகத்தான் வாங்க வேண்டும்.

அண்ணாச்சி கையில் இரண்டு துண்டுச்சீட்டு வைத்திருந்தார். ஒன்றில் ஷோரூம்காரர் எழுதிக் கொடுத்த புது லேப்டாப்: அடிமட்ட இரட்டைக்கோர் பிராசசர், 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், 27,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. இன்னொன்றில், கம்பெனி லீஸ் முடிந்து கைமாறி வந்த பழைய லேப்டாப்: 6-ஆம் தலைமுறை ஐ5, அதே 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், 19,500 ரூபாய். இரண்டிலும் டிஸ்க்குக்குப் பக்கத்தில் ஓர் எண்ணை வட்டம் போட்டிருந்தார். புதியதில் 5400, பழையதில் 7200. டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும் என்ற எண் அது.

“எது வேகம் தம்பி?”

“7200தான் அண்ணாச்சி.”

கையில் ஒரு மதர்போர்டைச் சுரண்டிக்கொண்டே சொன்ன பதில் அது. கேள்விக்கு அது சரியான விடைதான். ஆனால் அவர் கேட்க வந்தது வேறு: பிள்ளையின் மிஷின் தொங்காமல் ஓடுமா என்று. நான் தொழில் பழகிய காலத்தில் லேப்டாப்புகளில் 4200 டிஸ்க் வரும். அதைக் கழற்றி 7200 போட்டால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். அந்தப் பழைய பழக்கம் வாயில் வந்துவிட்டது. பழைய லேப்டாப்பையே வாங்கிக்கொண்டு போனார்கள். பிராசசரைப் பார்த்தால் அது நல்ல முடிவு என்று இப்போதும் சொல்வேன். டிஸ்க் விஷயத்தில்தான் கோட்டைவிட்டேன்.

ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்தார்கள்.

“அண்ணே, ஆன் பண்ணி வச்சிட்டுப் போயி பல் தேச்சிட்டு வந்தாலும் சுத்திக்கிட்டே இருக்கு. லேப்ல எல்லாரும் கோடு வரைய ஆரம்பிச்சிருவாங்க, எனக்கு ஆட்டோகேட் தொறந்திருக்காது.”

அண்ணாச்சி ஒன்றும் சொல்லாமல் நின்றார். பிறகு மெதுவாக, “பழச எடுத்தது தப்போ?” என்றார். அந்தக் கேள்விதான் குத்தியது.

லேப்டாப்பை மேசையில் வைத்து ஆன் செய்தேன். இடது உள்ளங்கை வைக்கும் இடத்தில் லேசான அதிர்வு. 7200 டிஸ்க் விநாடிக்கு 120 சுற்று சுற்றும், 5400 என்றால் 90. கை பழகினால் தொட்டே சொல்லிவிடலாம். டெஸ்க்டாப் வந்தபின் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். அது திறக்கவே நேரம் பிடித்தது. டிஸ்க் என்ற கட்டம் கருஞ்சிவப்பாக, 100%. பலர் இந்த 100%-ஐப் பார்த்துவிட்டு, டிஸ்க் முழு வேகத்தில் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். கீழே இருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும். படிப்பு வேகம் விநாடிக்கு 0.8 எம்பி. ஒரு எம்பி கூட இல்லை. ஒரு கோரிக்கைக்குப் பதில் வர எடுக்கும் சராசரி நேரம் அரை விநாடியைத் தாண்டி நின்றது. வேலை மலைபோல வரிசையில் நிற்கிறது, சரக்கோ கைப்பிடி அளவுதான் வெளியே வருகிறது.

முதல் சந்தேகம் டிஸ்க் செத்துக்கொண்டிருக்கிறதா என்பது. பழைய மிஷினில் அதுதான் வழக்கம். டிஸ்க்கின் உடல்நலத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டுப் பார்த்தேன். ஓடிய நேரம் 11,000 மணிக்குச் சற்று மேல். ஆபீஸ் லேப்டாப்புக்கு அது சாதாரணம். 05 என்ற வரி, அதாவது கெட்டுப்போய் மாற்றிவிடப்பட்ட செக்டர்கள் (தட்டின் சின்னத் துண்டுகள்): பூஜ்யம். சி5, அதாவது படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள்: அதுவும் பூஜ்யம். சி5-இல் ஏதாவது எண் தெரிந்திருந்தால் நான் வேறு எதையும் யோசிக்காமல் டேட்டாவை எடுத்துவிட்டு டிஸ்க்கைத் தூக்கியிருப்பேன். இங்கே டிஸ்க் நலமாக இருந்தது. நலமான டிஸ்க்தான் இவ்வளவு மெதுவாக ஓடியது.

அடுத்து ஆன்டிவைரஸ். விண்டோஸ் 10-இன் சொந்தக் காவல்காரன் ஒன்று இருக்க, யாரோ போட்டுக் காலாவதியான டிரையல் ஒன்றும் உட்கார்ந்திருந்தது. எடுத்துவிட்டேன். ஆன் ஆகும்போதே கூடவே எழுந்திருக்கும் ஏழெட்டு புரோகிராம்களை நிறுத்தினேன். கொஞ்சம் மூச்சு விட்டது, அவ்வளவுதான்.

பிறகு ராம். 4 ஜிபியில் விண்டோஸ் 10, குரோமில் ஐந்து டேப், ஆட்டோகேட் என்றால் இடம் போதாது. ராமில் இடமில்லாததை விண்டோஸ் டிஸ்க்கில் தள்ளி வைக்கும், தேவைப்படும்போது திரும்ப இழுக்கும். அந்த இழுபறியே டிஸ்க்குக்குப் பாதி வேலை. 1,400 ரூபாய்க்குக் கழற்றிய 4 ஜிபி ஸ்டிக் ஒன்றைச் சேர்த்து 8 ஆக்கினேன். டிஸ்க்கை அப்போது தொடவில்லை. இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். சர்வீஸ்காரர்கள், நானும் சேர்த்துத்தான், அவசரத்தில் செய்கிற தவறு இது. ராம் ஏறியபின் எல்லாம் திறந்து முடிந்த நிலையில் மிஷின் நன்றாக ஓடியது. 100% குறைந்தது. ஆனால் ஆன் ஆகும் நேரமும் ஆட்டோகேட் திறக்கும் நேரமும் பெரிதாக மாறவில்லை.

இதை அந்தப் பிள்ளைக்கு விளக்க வேண்டியிருந்தது. பொருட்காட்சிக்குப் போயிருந்தாயா என்று கேட்டேன். போயிருந்தாள். குடைராட்டினத்தை வைத்துச் சொன்னேன்.

உனக்கு வெள்ளைக் குதிரையில்தான் ஏற வேண்டும். முதலில் திடலின் இந்த மூலையிலிருந்து ராட்டினம் வரை நடக்க வேண்டும். போய் நின்றபின், வெள்ளைக் குதிரை சுற்றி உன் முன்னால் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க்கிலும் இதேதான். தட்டின் மேல் ஒரு கை நகர்ந்து சரியான வட்டத்துக்குப் போக வேண்டும். போனபின், வேண்டிய துண்டு சுற்றி வந்து அதன் அடியில் சேர வேண்டும். 7200, 5400 எல்லாம் ராட்டினத்தின் வேகம் மட்டும். உன் நடை வேகத்தை அது கூட்டாது.

கணக்கு போட்டால் இன்னும் தெளிவு. 7200 டிஸ்க் ஒரு சுற்று முடிக்க 8.33 மில்லி விநாடி. வேண்டிய இடம் சில சமயம் உடனே வரும், சில சமயம் முழுச் சுற்றுக்குப் பிறகு வரும், சராசரி அரைச் சுற்று, 4.17. 5400-க்கு ஒரு சுற்று 11.11, சராசரி 5.56. வித்தியாசம் 1.39 மில்லி விநாடி. கை நகரும் நேரமோ லேப்டாப் டிஸ்க்குகளில் சுமாராக 12 மில்லி விநாடி, இரண்டிலும் ஏறக்குறைய அதேதான். கூட்டினால் ஒன்று 16.2, இன்னொன்று 17.6. அதாவது சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளை விநாடிக்கு 62 எடுக்கும் டிஸ்க்குக்கும் 57 எடுக்கும் டிஸ்க்குக்கும் உள்ள போட்டி. சீட்டில் எழுதும்போது 33 சதவீதம் கூடுதல் வேகம். மேசைக்கு வந்து சேரும்போது ஏறக்குறைய 9 சதவீதம்.

ஒவ்வொரு துண்டும் 4 கேபி என்றால் 62 துண்டு 248 கேபி. டாஸ்க் மேனேஜர் ஏன் 100% என்று அலறிக்கொண்டே ஒரு எம்பிக்கும் கீழே காட்டியது என்பதற்கு விடை இதில் இருக்கிறது. விண்டோஸ் எழுந்திருப்பதும் ஆட்டோகேட் திறப்பதும் ஒரு பெரிய கோப்பை நேராகப் படிக்கிற வேலை இல்லை. ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைத் தட்டின் நாலா மூலையிலிருந்தும் பொறுக்குகிற வேலை.

இதற்கு இடையில் ஒரு பழங்கதை. ஐபிஎம் 1956-இல் கொண்டுவந்த முதல் ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குலத் தட்டுகள் 50 இருந்தன, கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள், வேகம் நிமிடத்துக்கு 1200 சுற்று. அதிலிருந்து இந்த 7200 வரை வர சுற்று வேகம் ஆறு மடங்குதான் ஏறியது. கொள்ளளவோ 1 டிபி டிஸ்க்கை வைத்துப் பார்த்தால் இரண்டு லட்சம் மடங்கு. சேமிக்கும் இடம் எங்கேயோ போய்விட்டது, எடுக்கிற கை கிட்டத்தட்ட அங்கேயே நிற்கிறது.

வாயால் சொன்னது போதாது என்று தோன்றியதால் மூன்று டிஸ்க்கை ஒரே லேப்டாப்பில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். அவளுடைய 500 ஜிபி 7200, கடையில் இருந்த புது 1 டிபி 5400, ஒரு 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, அதாவது ஹார்ட் டிஸ்க் மாட்டும் அதே சாட்டா இணைப்பில் மாட்டும், சிப்பில் சேமிக்கும் டிஸ்க். டிஸ்க்கை நகலெடுக்கும் குளோன்சில்லா வைத்து ஒரே விண்டோஸை மூன்றிலும் இறக்கினேன். போனில் ஸ்டாப்வாட்ச். ஒவ்வொன்றையும் மூன்று முறை பார்த்து நடு எண்ணை எடுத்துக்கொண்டேன். ஆய்வகச் சோதனை இல்லை, டீக்கடைச் சோதனைதான்.

பட்டனை அமுக்கியதிலிருந்து குரோமில் முதல் பக்கம் திறக்கும்வரை: 5400-இல் 2 நிமிடம் 41 விநாடி. 7200-இல் 2 நிமிடம் 22. எஸ்எஸ்டியில் 27 விநாடி. ஆட்டோகேட் திறக்க: 95, 84, 19 விநாடி. அந்தப் பிள்ளை மூன்றாவது முறை ஸ்டாப்வாட்சை நிறுத்த மறந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு முறை ஓட்ட வேண்டியதாயிற்று.

எஸ்எஸ்டியில் தட்டும் இல்லை, கையும் இல்லை. எந்த மூலையில் இருக்கும் துண்டானாலும் சுமாராக 0.1 மில்லி விநாடியில் வந்துவிடும். நடையும் கிடையாது, குதிரைக்காகக் காத்திருப்பதும் கிடையாது. மலிவான சாட்டா எஸ்எஸ்டி கூட விநாடிக்குப் பல ஆயிரம் துண்டு எடுக்கும். சாட்டா எஸ்எஸ்டியின் உச்ச வேகம் விநாடிக்கு 550 எம்பி என்று பெட்டியில் பெரிதாகப் போடுவார்கள். மாணவர் லேப்டாப்பில் வித்தியாசம் காட்டுவது அந்த 550 இல்லை.

ஒரு விஷயம் எனக்கே ஆச்சரியம். ஒரே பெரிய வீடியோவை, 4 ஜிபி அளவு, நேராகப் படிக்க விட்டபோது புது 5400 டிஸ்க் பழைய 7200-ஐக் கொஞ்சம் முந்தியது. காரணம் அடர்த்தி. 1 டிபியை ஒரே தட்டில் அடைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் கையின் அடியில் போகும் எழுத்துகள் அதிகம், மெதுவாகச் சுற்றினாலும் சரக்கு அதிகமாகக் கொட்டுகிறது. ஆக, நான் அண்ணாச்சிக்குச் சொன்ன பதில் சுற்று வேகத்தில் சரி, நேரான படிப்பில் தப்பு, சிதறிய படிப்பில் சரியாக இருந்தும் பிரயோஜனமில்லை.

அந்த 5400 டிஸ்க்குக்கு வேறொரு குணமும் உண்டு. இந்த மெல்லிசு 1 டிபி டிஸ்க்குகளில் பலவற்றில் எழுத்து வட்டங்களை நாட்டு ஓடு வேய்வதுபோல ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி எழுதுகிறார்கள். நடுவில் ஒரு ஓட்டை மாற்ற அடுத்துள்ள ஓடுகளையும் பிரித்து அடுக்க வேண்டும் அல்லவா? அதே கதைதான். காலி டிஸ்க்கில் பறக்கும், நிரம்பியபின் விண்டோஸ் அப்டேட் ஓடும் நாளில் உட்கார்ந்துவிடும். பெட்டியில் இதைப் போட மாட்டார்கள். மாடல் எண்ணை எடுத்துத் தேடினால்தான் தெரியும்.

எஸ்எஸ்டி போடுவது என்று முடிவாயிற்று. போர்டில் எம்.2 என்ற மெல்லிய எஸ்எஸ்டிக்கான இடம் அச்சாகியிருந்தது, ஆனால் சாக்கெட்டைப் பதிக்காமல் விட்டிருந்தார்கள். அதனால் 2.5 அங்குல இடத்தில் 2,450 ரூபாய்க்கு வாங்கிய 240 ஜிபி எஸ்எஸ்டி ஏறியது. பழைய 7200 டிஸ்க்கை என்ன செய்வது? டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில், டிஸ்க்கைத் தாங்கும் 350 ரூபாய் சட்டம் ஒன்றில், கேடி என்பார்கள், மாட்டிவிட்டேன். எஸ்எஸ்டியில் விண்டோஸ், ஹார்ட் டிஸ்க்கில் பாடமும் படமும். எல்லாரும் செய்கிற வழிதான். கூலி வாங்கவில்லை. என் பதிலுக்கான அபராதம்.

இரண்டு வாரத்தில் போன். “அண்ணே, வேகமாத்தான் இருக்கு. ஆனா அப்பப்ப அஞ்சாறு செகண்டு அப்படியே நின்னுருது.”

இது நான் எதிர்பார்க்காதது. எடுத்து வரச் சொல்லி, மேசையில் வைத்து வேலை செய்யவிட்டுக் காதைக் கொடுத்தேன். உறைந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் டிவிடி இடத்திலிருந்து “ம்ம்ம்” என்று ஏறும் ஒரு சத்தம். பேட்டரி மிச்சம் பிடிக்க விண்டோஸ் அந்த ஹார்ட் டிஸ்க்கைச் சும்மா இருக்கும்போது நிறுத்திவிடுகிறது. அவள் ஏதோ ஒரு கோப்பைச் சேமிக்கப் போனால், ஜன்னல் திறக்கும்போது எல்லா டிரைவையும் ஒரு எட்டு பார்த்துவிட்டுத்தான் விடும். தூங்கும் தட்டு எழுந்து முழு வேகம் பிடிக்கும்வரை எல்லாம் நிற்கும். சுற்று வேகம் மறுபடியும் வேறு வேடத்தில் வந்து நின்றது.

பவர் செட்டிங்கில் டிஸ்க்கை நிறுத்தவே வேண்டாம் என்று வைத்தேன். தொங்கல் போனது, பேட்டரி சீக்கிரம் இறங்கியது. ஏற்கெனவே கிழப் பேட்டரி. கடைசியில் கேடியைக் கழற்றி டிவிடி டிரைவைத் திரும்ப மாட்டி, ஹார்ட் டிஸ்க்கை 250 ரூபாய் யூஎஸ்பி பெட்டியில் போட்டுக் கொடுத்தேன். முதலிலேயே அதைச் செய்திருக்கலாம். பேக்கப்புக்கு வெளியே கிடக்கும் டிஸ்க் நல்லது. லேப்டாப் தொலைந்தாலும் அது வீட்டில் இருக்கும். அவளிடம் இதை மட்டும் அழுத்திச் சொன்னேன்: ஹார்ட் டிஸ்க் சாகும்போது பெரும்பாலும் முனகும், இழுக்கும், சி5 ஏறும். எஸ்எஸ்டி பல சமயம் நேற்று வரை நன்றாக இருந்து இன்று காணாமல் போகும், அழித்த கோப்பை அதிலிருந்து மீட்பதும் ரொம்பக் கடினம். வெள்ளிக்கிழமைதோறும் புராஜெக்ட் ஃபோல்டரை யூஎஸ்பி டிஸ்க்குக்கு நகல் எடு.

எடுத்தாளா? முதல் ஆண்டு எடுத்தாள் என்று தெரியும். பிறகு கேட்கவில்லை.

2020-இல் ஊரடங்கு வந்து வகுப்பெல்லாம் ஆன்லைன் ஆனபோது 240 ஜிபி நிரம்பியது. வகுப்புப் பதிவுகளும் வாட்ஸாப் வீடியோக்களும். சி டிரைவில் 11 ஜிபி மட்டும் மிச்சம். எஸ்எஸ்டி நிரம்பினால் எழுதும் வேகம் தளரும், ஆகவே பதிவுகளை யூஎஸ்பி டிஸ்க்குக்குத் தள்ளச் சொன்னேன். போனிலேயே முடிந்தது. 480 வாங்கியிருக்கலாமா? அன்றைய விலையில் அண்ணாச்சிக்கு அது ராமுக்குப் போகிற பணம். ராம்தான் முந்தி.

எஸ்எஸ்டியில் இடம் குறைவதைப் பார்த்து ஷோரூம்களில் வாங்க வருகிறவர்கள் இன்றும் தயங்குகிறார்கள். இங்கே ஒரு கணக்கு. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கியபோது கொடுத்த லேப்டாப்பில் 320 ஜிபி ஹார்ட் டிஸ்க் இருந்தது. 2025-இல் கல்லூரி மாணவர்களுக்காக அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் விட்ட டெண்டரில் கேட்டது 256 ஜிபி எஸ்எஸ்டி. பதினான்கு ஆண்டு கழித்து எண் குறைந்திருக்கிறது. ஆனால் அந்த 320-ஐயும் இந்த 256-ஐயும் பக்கத்தில் வைத்து ஆன் செய்து பார்த்தவர் யாரும் 320-ஐத் தொட மாட்டார்.

2023-இல் படிப்பு முடித்து வேலைக்குப் போனபின் ஒருநாள் ஃபேன் சத்தம் என்று கொண்டுவந்தாள். தூசி எடுத்துவிட்டு, ஆர்வத்தில் எஸ்எஸ்டியின் கணக்கையும் பார்த்தேன். நாலு வருடத்தில் எழுதியது 10 டிபிக்குச் சற்று மேல். அந்த மாடலுக்குக் கம்பெனி சொல்லும் எழுத்து வரம்பு 80 டிபி. எழுதி எழுதித் தேய்ந்துவிடும் என்று பயந்து எஸ்எஸ்டியில் ஒன்றும் வைக்காமல் ஓட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. 6-ஆம் தலைமுறை ஐ5-க்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது. அந்த மாதக் கடைசியில் அவளுடைய தம்பி வந்தான். அவனும் கல்லூரி. அக்காவின் லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுத் தரச் சொல்லிவிட்டு, போனில் ஒரு பக்கத்தைத் திறந்து நீட்டினான். புது லேப்டாப் பார்க்கிறார்களாம்.

“அண்ணே, இதுல ஜென் 3 எஸ்எஸ்டி, 3500ன்னு போட்டிருக்கு. அதுல ஜென் 4, 7000. எது வேகம்?”

கையில் இருந்த ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தேன்.

“ராம் எவ்வளவுன்னு போட்டிருக்கு, தம்பி?”

கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தான். 7000 போட்டிருந்ததில் 8 ஜிபி, போர்டிலேயே சோல்டர் செய்தது, கூட்ட ஸ்லாட் கிடையாது. இன்னொன்றில் 8 ஜிபி, ஒரு ஸ்லாட் காலி. 7000 போட்டிருந்த பக்கத்தை மூடச் சொன்னேன்.